பனியில் மட்டும் நின்ற வண்டி

மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எஞ்சின் சத்தம்தான் வருகிறது. கண்ணை மூடியதும் எங்கோ ஒரு அம்பாசிடர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நாலு சிலிண்டரில் மூன்றாவது கொஞ்சம் பின்தங்கும். அரைத் தூக்கத்திலேயே என் கை எழுந்து அதைச் சரிசெய்யப் போகும். கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டு விழித்தால், தெருவில் ஒரு பேட்டரி ஆட்டோ சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். "இந்த மனுசன் ரிட்டயர் ஆகியும் பட்டறையிலதான் படுத்துக்கினு இருக்குறாரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்வது காதில் விழும். உண்மைதான், மறுக்க முடியாது.

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது. என்னை அதிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. போன வாரம் அதில் ஒருவர், பழைய வண்டிகளில் பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட காலத்தில் உங்களுக்கு வந்த கஷ்டமான கேஸ் எது என்று கேட்டார். இப்போது பழைய அம்பாசிடர் வைத்துக்கொள்வது சிலருக்குப் பெருமையாகிவிட்டது, அதனால் இந்த வேலை மறுபடி வருகிறதாம். எந்த ஒயர் எங்கே போகும் என்று நான் ஒரு படம் வரைந்து அனுப்புவேன் என எதிர்பார்த்திருப்பார். படம் எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. அதில் கிடைக்காத ஒன்றை எழுதுகிறேன்.

நான் முசரவாக்கத்துக்காரன், பெயர் தாவீது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்து, ஒரு பாடத்தில் கோட்டைவிட்டு, பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் வேதாசலம் மேஸ்திரி வைத்திருந்த பட்டறையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி ஆசிட்டில் நாலு சட்டை போயிற்று.

மேஸ்திரி விவசாயக் குடும்பத்து ஆள். சேர்ந்த முதல் நாளே, என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் வெளியே போகப் பார்த்தபோது, தன் பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினார். அந்தத் தெருவில் அப்படிப் பாயைத் தட்டுகிற ஆட்கள் அப்போது குறைவு. அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. முப்பத்தொரு வருஷம் அந்தப் பாயில் சாப்பிட்டேன்.

எங்கள் பட்டறைக்கு இரண்டு பக்கமும் தறி வீடுகள். காலையிலிருந்து தறிச் சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்தில் எஞ்சினின் சின்னக் கோளாறு எதுவும் காதில் விழாது. பத்தரை மணிக்கு நெசவாளிகள் டீ குடிக்க எழுந்து போவார்கள், தெரு முழுக்க ஒரு கால்மணி நேரம் அமைதியாகிவிடும். அந்தக் கால்மணி நேரம்தான் மேஸ்திரிக்கு வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி எஞ்சின் தலைமேல் வைப்பார். தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்பார், பிறகு கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்ப்பார். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் அளவு திருப்புவார். அலை அடங்கி நடுவில் ஒரே ஒரு வளையம் நின்றால் போதும் என்பார். சாயம் போடும் வீடுகளிலிருந்து வரும் ஆவி வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்த அந்தக் கால்மணி நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை என்றே தோன்றுகிறது.

பாயின்ட் என்பது இரண்டு சின்ன உலோக முனை. எஞ்சின் சுற்றும்போது அவை தொட்டுத் தொட்டு விலகும். விலகும் ஒவ்வொரு தடவையும் காயிலில் கரண்ட் அறுந்து, பிளக்கில் பொறி விழும். அந்தப் பொறியை எந்த சிலிண்டருக்கு அனுப்புவது என்று பிரித்துக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மேல் கறுப்பாக ஒரு மூடி இருக்கும். முனைகளுக்கு நடுவில், இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் பதினைந்தாம் தகடு போய்வர வேண்டும், வழுக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. முனை தேயும், கருகும், இடைவெளி குறையும். அப்புறம் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி கையைக் கழுவிவிட்டு, ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்து வருவார். பன்னீரில் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். எந்தப் பாகத்தில் கடைசியாகக் கை வைத்தாரோ அதன்மேல் ஒரு பொட்டு வைத்து, பானெட்டை மூடுவார். அதை வேறு யாரும் செய்யக்கூடாது. நான் தனியாகச் செய்த முதல் வேலைக்குப் பொட்டு வைக்கும்போது என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "உனக்கு ஒண்ணும் இல்லியேப்பா" என்று கேட்டார். இல்லை மேஸ்திரி என்றேன். உண்மையில் எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. பொட்டு வைத்துவிட்டால் வேலை தேறிவிட்டது என்று பொருள்.

இப்போது கேட்ட அந்தக் கஷ்டமான கேஸுக்கு வருகிறேன், அது மல்லிகா என்பவரின் வண்டி. செவிலிமேட்டில் இருந்தார். கணவர் டாக்சி ஓட்டியவர், மாரடைப்பில் போய்விட்டார். அவர் விட்டுப்போன அம்பாசிடரை மல்லிகாவே ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்சும் எடுத்து, மூன்று நர்சுகளைத் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு ஏற்றி, சென்னை ரோட்டிலிருக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு மணி ஷிப்டுக்கு விடும் சவாரி பிடித்திருந்தார். அந்த வீட்டில் கணவரின் தம்பியும் இருந்தான். அண்ணன் வண்டியை விற்றுவிட வேண்டும், அண்ணி ஏதாவது கம்பெனி வேலைக்குப் போகட்டும் என்பது அவன் எண்ணம். வண்டி ஓடினால் மல்லிகா தன் சொந்தக் காலில் நிற்பார், ஓடாவிட்டால் அவன் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வண்டிக்கு நல்ல பாயின்ட் கிடைப்பது அப்போது பெரும்பாடு. கடையில் கிடைப்பது மூன்று வாரம் தாங்காது. மல்லிகா கைப்பையில் உப்புத்தாள் வைத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தின்மேல் நிறுத்தி முனையைத் தேய்ப்பார். ஐந்தாறு முறை இதைப் பார்த்துவிட்டு, எலக்ட்ரானிக் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். முனைக்குப் பதில் ஒரு காந்த வளையமும் ஒரு சின்னப் பெட்டியும். தொடுவதும் இல்லை, தேய்வதும் இல்லை. இனி வண்டி நிற்காது, என் பொறுப்பு என்று வேறு சொல்லிவைத்தேன். அந்த வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்.

தீபாவளி முடிந்த வாரம் வேலையைச் செய்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, மூடிக்குள் சுற்றும் ரோட்டார் பார்க்கும் திசையைச் சாக்பீசால் குறித்துக்கொண்டேன். பாயின்டையும் கண்டென்சரையும் எடுத்துத் துணியில் மடித்து மல்லிகாவிடம் கொடுத்தேன், வழியில் ஏதாவது என்றால் பழையதைப் போட்டுக்கொள்ளலாம். காந்த வளையத்தைத் தண்டில் இறக்கி, பெட்டியைத் தட்டில் முடுக்கி, சிவப்பு ஒயரை காயிலின் பிளஸ்ஸுக்கும் கறுப்பை மைனஸுக்கும் கொடுத்தேன். பொறி இப்போது பலம் கூடியது, நன்றாகத் தாண்டட்டும் என்று பிளக் இடைவெளியை இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்கு விரித்தேன். மூடியை மாட்டி, டைமிங் லைட் பிடித்துச் சரிசெய்தேன். பத்தரைக்கு மேஸ்திரி டம்ளரை வைத்தார். தண்ணீர் அசையவே இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தூங்குதுப்பா" என்றார். கடைசியாகக் கை வைத்தது மூடியில் என்பதால் அதன் நடுவில் பொட்டு வைத்தார்.

கார்த்திகையில் பனி இறங்கியதும் வண்டி நின்றது.

எப்போதும் விடியலில்தான். செல்ஃப் அடிக்கும், எஞ்சின் பிடிக்காது. நான் எட்டு மணிக்கு வெயில் ஏறிப் போய்ச் சேர்ந்தால் ஒரே சாவியில் சமர்த்தாக ஓடும். பிளக் மாற்றினேன், ஒயர் மாற்றினேன், காயில் மாற்றினேன், மூடியே புதிதாக மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பட்டறைக்கு வண்டி வரும், மேஸ்திரி டம்ளர் வைத்துப் பார்ப்பார், ஒரு குறையும் இல்லை என்பார், பொட்டு வைத்து அனுப்புவார். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் நர்சுகள் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. அவர்கள் போனால்தான் இரவு ஷிப்டு ஆட்கள் வீட்டுக்குப் போக முடியும். எத்தனை நாள் பொறுப்பார்கள்?

தை மாதத்தில் ஒரு நாள், நிற்கும்போதே போய்ப் பார்ப்பது என்று நாலே முக்காலுக்கே செவிலிமேடு போய்விட்டேன். ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனியில் எதிர்வீடு தெரியவில்லை. பானெட்டைத் தூக்கி வைத்து, மல்லிகாவைச் சாவி போடச் சொன்னேன். இரண்டு கையும் வேண்டுமென்று டார்ச்சை அணைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அப்போது பார்த்தேன். மூடியின் நடுவிலிருந்து நீலமாக ஒரு நூல் எழுந்து, மேஸ்திரியின் பொட்டுக்குள் போய், அங்கே சின்னச் சின்னக் கிளையாகப் பிரிந்து, பக்கத்து இரும்புக் கிளிப்பில் இறங்கி மறைந்தது. குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கிறது, பனி பட்டால் ஈரம் பிடிக்கும். ஈரத்தில் கரண்ட் ஓடும். நான் விரித்துவைத்த பிளக்கைத் தாண்டுவதைவிட அந்த வழி பொறிக்கு லேசாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது அத்தனை அழகாக இருந்தது. இன்னொரு தடவை போடும்மா என்று நாலைந்து தடவை சொல்லி, பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு துண்டால் பொட்டை அழுத்தித் துடைத்தேன். வண்டி உடனே பிடித்தது.

என்ன ஆச்சு என்று மல்லிகா கேட்டார். ஒயர் லூசாக இருந்தது என்றேன். வாய் தானாகவே அப்படிச் சொல்லிவிட்டது. மேஸ்திரி கையால் வைத்த பொட்டுதான் வண்டியை நிறுத்துகிறது என்று, சிலுவை போட்ட நான் எப்படி அவரிடம் சொல்வது? அவர் என்ன நினைப்பார்? இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்து, மல்லிகாவுக்கும் கேட்கும்படி சொன்னான்: "காலங்காத்தால புருசன் இல்லாதவ கையால சாவி போட்டா, எந்த வண்டி ஸ்டார்ட் ஆவும்? எங்க அண்ணன் ஓட்டினப்போ ஒரு நாள் நின்னுச்சா?"

அவன் அண்ணன் ஓட்டியபோது வாரத்துக்கு ஒரு முறை நின்றது. எனக்குத் தெரியாதா? மல்லிகா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பானெட்டை மூடிவிட்டு என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் வண்டி ஓடியது. அந்த இரண்டு வாரமும் நான் பாயில் மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நான் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு அரக்கோணம் போயிருந்த அன்று, மல்லிகா ஆயில் மாற்ற வந்திருக்கிறார். மேஸ்திரி பானெட்டைத் திறந்து, பொட்டு அழிந்திருப்பதைப் பார்த்து, புதிதாக, நன்றாகவே வைத்து அனுப்பியிருக்கிறார். மறுநாள் பனியில் வண்டி மூன்று நர்சுகளோடும் ரோட்டில் நின்றுவிட்டது. அவர்கள் வேறு வேன் பேசிக்கொண்டார்கள். கொழுந்தன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிற ஆள் வருகிறான் என்று எனக்குப் போன் செய்தது மல்லிகாதான். "வண்டியக் குடுக்குறாங்கண்ணா. உங்க ஸ்பானர் ஒண்ணு டிக்கியில இருக்குது, வந்து எடுத்துக்கினு போங்க" என்றார். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆனால் வாயால் சொல்லவும் வரவில்லை. பட்டறையில் இன்னொரு அம்பாசிடருக்கும் அதே செட் போட்டிருந்தேன், அதன் மூடியிலும் பொட்டு இருந்தது. மேஸ்திரி, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். மூடியின்மேல் தண்ணீரைத் தெளித்தேன். நட்ட நடு மத்தியானம், வெளிச்சம் உள்ளே வராமல் எங்கள் இரண்டு பேர் தலைக்கும் பானெட்டுக்கும் சேர்த்துத் தார்ப்பாயை இழுத்துவிட்டேன். எதிர்வீட்டு நெசவாளி வந்து சாவி போட்டார்.

அந்த இருட்டில் நீல நூல் எழுந்து பொட்டுக்குள் போயிற்று. மேஸ்திரியின் மூச்சு என் தோளில் பட்டது. "இன்னொரு வாட்டி" என்றார். நெசவாளி மறுபடி சாவி போட்டார். மேஸ்திரி விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். அந்தத் தார்ப்பாய்க்குள் எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போதும் சில மத்தியானங்களில் அதற்குள்தான் நிற்கிறேன்.

"பாயின்ட் இருந்தப்பவும் இதே எடத்துலதானேப்பா வெச்சேன்" என்றார் கடைசியில். "மழை நாள்ல எத்தினி பேரை நடுவழியில நிறுத்தினேனோ."

பழைய பொறிக்கு அவ்வளவு பலம் கிடையாது, அது இப்படித் தாவாது, அந்த வண்டிகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது மேஸ்திரி என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. சில வண்டிகள் நின்றுதான் இருக்கும். அவர் போய் எட்டு வருஷமாகிறது, இனிமேல் எழுதினால் பரவாயில்லை.

அவர் தார்ப்பாயைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, வா என்றார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. செவிலிமேட்டில் வாங்குகிற ஆள் ஏற்கெனவே வந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் கையில் சாவி இருந்தது. மல்லிகா படியில் நின்றிருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள்.

மேஸ்திரி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேரே போய் பானெட்டைத் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி மூடியின்மேல் விரலை வைத்தார். "வண்டி நின்னதுக்கு இந்தப் பொண்ணு காரணம் இல்ல. இந்தப் பெட்டியும் காரணம் இல்ல. இது நான் வெச்ச பொட்டு. பனி பட்டா கரண்ட்டு இது வழியா ஓடிடுது. தப்பு என்னுது" என்றார். தோளில் கிடந்த துண்டால் தானே அதைத் துடைத்தார். நாற்பது வருஷமாகப் பொட்டு வைத்த கை அது.

கொழுந்தன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். வாங்க வந்தவன் நைசாகத் தன் பைக்கிடம் நகர்ந்தான்.

மல்லிகா படியிலிருந்து இறங்கி வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "மூணு மாசமா என்னைத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க மேஸ்திரி" என்றார். "நானே நம்பிட்டேன்."

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். மல்லிகா அதைத் தடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்குக் காலைல துண்டால தொடச்சீங்களேண்ணா. அப்பவே தெரியுமா?"

கொழுந்தன் புருசன் இல்லாதவ என்று சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன் என்பது எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. தெரியும்மா என்றேன்.

மல்லிகா கொழுந்தன் முன்னால் கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான். மறுநாள் விடியலில் அவரே நர்சுகளின் வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதாகக் கேள்விப்பட்டேன். வேன்காரனை விட்டுவிட்டு அவர்கள் ஏறிக்கொண்டார்களாம்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்த வண்டி ஓடியது. மேஸ்திரி பொட்டை ரேடியேட்டரின் தலைக்கு மாற்றிக்கொண்டார். மல்லிகா வேறு எந்தப் பட்டறைக்கும் போகவில்லை, சர்வீசுக்கு என்னிடம்தான் வருவார். அண்ணா என்றுதான் கூப்பிடுவார், பிள்ளைகள் படிப்பையெல்லாம் விசாரிப்பார். ஆனால் நான் பானெட்டைத் திறந்தால், மறுபடி மூடும்வரை பக்கத்தைவிட்டு நகராமல் நின்று, என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.